பரீட்சைப் பயமும் உத்தியோகத் திருப்தியும்

(ஒரு சர்வகலாசாலை ஊரில், அச்சர்வகலாசாலைச் சிப்பந்திகள் கூடிய கூட்டத்தில் நாம் பேசியது)

தோழர்களே!

இக்கூட்டத்தின் தலைவர் அவர்கள் நம்மை உங்களுக்கு அறிமுகப்படுத்தும்போது, நாம் ஏதோ பல நூல்களைக் கரைத்துக் குடித்த பண்டிதர் என்பதாகச் சொல்லிவிட்டார். அது தவறு. நாம் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையில் கணக்கில் தவறியவர். தவறிய பிறகு அப்பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் ஒருவர் நம் தகப்பனாரைக் கூப்பிட்டு, "உங்கள் ஜாதிக்குக் கணக்கெல்லாம் ஏறாது, பையனை ஏதாவது தொழிலில் விட்டுவிடு" என்று சொன்னார். தகப்பனாரும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். நமக்கு அதில் கோபம் வந்ததா என்றால், வரவில்லை. அவர் சொல்வது மெய்தான் என்றே நாமும் நினைத்தோம். அதுதான் இதில் பெரிய கேடு. பிறகு அச்சுக்கூடத்தில் காகிதம் அடுக்கியும், சாயங்கால வேளைகளில் நூல் நிலையத்தில் உட்கார்ந்தும் நாமாகப் படித்துக்கொண்டதுதான் நம்முடைய படிப்பு. ஆகவே பரீட்சைப் பயத்தைப் பற்றிப் பேச நமக்கு ஏதேனும் யோக்கியதை உண்டு என்றால், அது தேறிய யோக்கியதை அல்ல. தவறிய யோக்கியதையே ஆகும்.

நிற்க. உங்களைப் பார்த்தால் நமக்குச் சிறிது வேடிக்கையாகவும் இருக்கின்றது. பரீட்சை என்றால் இந்த ஜில்லாவில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு வயிறு கலங்குகிறதே, அந்தப் பரீட்சையை நடத்துகிறவர்கள் நீங்கள். கேள்வித்தாள் கட்டுக்குச் சீல் வைப்பது நீங்கள். விடைத்தாளின் நம்பரைக் கிழித்துவிட்டு டம்மி நம்பர் போடுவது நீங்கள். கேம்ப் நடக்கும்போது விடைத்தாள்களைக் கட்டுக்கட்டாகத் தோளில் சுமந்து திருத்துகிறவர் மேசைக்குக் கொண்டுபோவது நீங்கள். பரீட்சையின் உள்ளும் புறமும் அறிந்தவர்கள். அப்படிப்பட்ட நீங்களே உங்களுக்கென்று ஒரு பரீட்சை வந்தால் நடுங்குகிறீர்கள் என்று சொன்னால் வெளியே யார் நம்புவார்கள்?

ஆனால் நடுங்குவது மெய்தான். இங்கேயல்ல, வேறொரு சர்வகலாசாலையில் நமது நண்பர் ஒருவர் குமாஸ்தாவாக இருக்கிறார். பரீட்சைப் பகுதியிலேயே 22 வருஷ காலம் உழைத்தவர். அவருக்கு மேல் உத்தியோகம் வரவேண்டுமானால் இலாகாப் பரீட்சைகளில் தேறவேண்டும். கணக்குப் பரீட்சை, ஆபீஸ் நடைமுறைப் பரீட்சை என்று உங்களுக்குத் தெரியும். வருஷத்திற்கு இரண்டு தடவை நடக்கின்றது. அதிலும் இவற்றில் பல, புஸ்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தே எழுதக்கூடியவை! மனப்பாடம் செய்யவேண்டிய அவசியமே இல்லை. நம் நண்பர் ஐந்து தடவை பணம் கட்டினார். மூன்று தடவை போகவே இல்லை. ஒரு தடவை வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். இன்னொரு தடவை உள்ளே உட்கார்ந்து கேள்வித்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, அரைமணி நேரத்தில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். வீட்டில் கேட்டபோது, "ஆபீசில் வேலை அதிகம், லீவு கொடுக்கவில்லை" என்றாராம். அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்த பையன்கள் அவருக்கு மேல் சூப்பரின்டெண்டெண்டாக உட்கார்ந்து, அவர் எழுதிய குறிப்பில் சிவப்பு மையால் கோடு போடுகிறார்கள்.

நாம் ஒரு நாள் அவரைக் கேட்டோம்: "ஏன் அய்யா, புஸ்தகத்தைப் பார்த்து எழுதுவதற்குமா பயம்?" என்று. அவர் சொன்ன பதில்தான் இன்றைய பேச்சுக்கே காரணம். "பயமாவது ஒன்றாவது! எனக்கு அந்த உத்தியோகம் வேண்டாம் அய்யா. இருக்கிற வேலையிலேயே எனக்குப் பூரண திருப்தி" என்றார்.

தோழர்களே! இந்தத் திருப்தி இருக்கின்றதே, இதைத்தான் சோதித்துப் பார்க்கவேண்டும் என்கின்றோம். நம் நாட்டில் திருப்தி என்ற சொல்லுக்கு இருக்கிற மரியாதை வேறு எந்தச் சொல்லுக்கும் இல்லை. வயிறு காய்ந்தவனைப் பார்த்துப் போதும் என்ற மனம் வேண்டும் என்று உபதேசம் செய்கிறார்கள். உபதேசம் செய்கிறவனுக்கு மட்டும் அந்த மனம் இருப்பதில்லை. வேண்டும் என்று நினைத்து, கிடைத்து, அனுபவித்து, போதும் என்கிறவனுடைய திருப்தி ஒன்று. வேண்டும் என்று சொல்லவே பயந்து, எட்டாதென்று முடிவு செய்துகொண்டு, அந்தப் பயத்துக்குத் திருப்தி என்று பெயர் வைத்துக்கொள்வது மற்றொன்று. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். இரவு படுக்கையில் புரளும்போது எது எது என்று அவனவனுக்குத் தெரியும்.

இந்தப் பயம் என்பது என்ன? கிரகக் கோளாறா? பூர்வ ஜன்ம பலனா? ஒன்றும் இல்லை. மேல் நாட்டில் இதை எலியை வைத்துக்கூடப் பார்த்திருக்கிறார்கள். 1908-ம் வருஷம் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் சுண்டெலிகளுக்கு இரண்டு பெட்டிகளைக் காட்டி, தவறான பெட்டிக்குள் போனால் மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். எந்தப் பெட்டி எது என்று கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தபோது, அதிர்ச்சி ஏற ஏற எலி சீக்கிரமாகக் கற்றுக்கொண்டது. ஆனால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினமானபோது, அதிர்ச்சி மிஞ்சினால் எலி குழம்பிப் போய்விட்டது. நடுத்தரமான அதிர்ச்சியில்தான் நன்றாகக் கற்றது. இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்னவென்றால், கொஞ்சம் பயம் எவனையும் கெடுப்பதில்லை. மூட்டை தூக்குகிறவனை அதட்டினால் ஒருவேளை சீக்கிரம் தூக்குவான். கணக்குப் போடுகிறவனை அதட்டினால் கணக்கு தப்பும். (இதை உங்கள் மேலதிகாரிகளுக்கும் யாராவது போய்ச் சொல்லுங்கள்.)

எலியோடு நிற்கவில்லை. 1952-ல் அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையில் மாண்ட்லர், சாரசன் என்ற இருவர் பரீட்சைப் பயத்தைத் தனி விஷயமாக எடுத்துக்கொண்டு அளக்க ஆரம்பித்தார்கள். 1967-ல் லீபர்ட், மாரிஸ் என்பவர்கள் அந்தப் பயத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். நெஞ்சு படபடப்பது, கை வியர்ப்பது, வயிற்றைக் கலக்குவது ஒன்று. "தவறிவிட்டால் என்ன ஆகும், நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று மனது அரித்துக்கொண்டிருப்பது மற்றொன்று. இதில் மார்க்கைக் குறைப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். ஏனென்றால் மனிதனுடைய மனதில் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய சங்கதிகள் சொற்பமே. அது ஒரு சின்னத் தாம்பாளத்தைப் போன்றது. கணக்கை வைக்க வேண்டிய தாம்பாளத்தில் மைத்துனன் என்ன சொல்வான், சூப்பரின்டெண்டெண்டு எப்படிச் சிரிப்பான் என்பதை வைத்து நிரப்பிவிட்டால் கணக்குக்கு எங்கே இடம்? நம் நண்பர் கையில் புஸ்தகம் இருந்தும் எழுத முடியாமல் போனதன் ரகசியம் இதுதான். அவருக்கு இல்லாமற் போனது ஞாபகசக்தி அல்ல.

இன்னும் ஒன்று சொல்லுகின்றோம். இதை நம் நாட்டிலேயே பார்த்தது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பெண்மணிகள், உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில், ஆறாவது ஏழாவது வகுப்புப் படிக்கும் 642 பையன்களைக் கொண்டு செய்த சோதனையை 2004-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேர் மேல்ஜாதி, பாதிப் பேர் கீழ்ஜாதி என்று சொல்லப்படுபவர்கள். காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர் ஒன்றைக் கொடுத்து, சரியாகப் போட்டால் காசு என்றார்கள். யார் என்ன ஜாதி என்று வெளியே சொல்லாதபோது இரண்டு வகைப் பையன்களும் ஏறக்குறைய ஒன்றாகவே போட்டார்கள். பிறகு வேறு கூட்டத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பையனுடைய பெயரையும், தகப்பன் பெயரையும், ஜாதியையும் எல்லோர் காதிலும் விழும்படி வாசித்துவிட்டுப் போடச் சொன்னார்கள். கீழ்ஜாதிப் பையன்கள் போட்ட புதிர்கள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்துபோயின!

தோழர்களே, யோசித்துப் பாருங்கள். அதே வயது, அதே கிராமம், அதே காகிதம். இடையில் நடந்தது ஒன்றே ஒன்று: ஜாதியை வாசித்தது. அந்த ஒரு சொல் அந்தப் பையன்களின் மூளைக்குள் புகுந்து நாலில் ஒரு பங்கைத் திருடிக்கொண்டு போய்விட்டது. திறமை, திறமை என்று மூச்சுக்கு முந்நூறு தடவை பேசுகிறார்களே, அவர்கள் இந்தத் திருட்டை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள் என்று கேட்கின்றோம். "உங்கள் ஜாதிக்குக் கணக்கு ஏறாது" என்று நம் உபாத்தியாயர் சொன்னாரே, அவர் ஜோசியம் சொல்லவில்லை; ஏறாமல் செய்தார். நம் நண்பருடைய குடும்பத்தில் பேனாவைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். தவறினால் ஒரு குமாஸ்தா தவறினான் என்று யாரும் சொல்லமாட்டார்கள், "பார்த்தாயா, அவர்களெல்லாம் அவ்வளவுதான்" என்பார்கள் என்று அவருக்குத் தெரியும். மேல்ஜாதிக்காரன் தவறினால் அன்றைக்கு அவனுக்கு ஜுரம். இவர் தவறினால் இவர் பரம்பரைக்கே மூளை இல்லை. தராசு அப்படி இருக்கும்போது அவர் வாசலில் திரும்பியது ஆச்சரியமா?

இனி, இப்பயத்தை வைத்துப் பிழைக்கிறவர்களைப் பார்ப்போம். பரீட்சைக் காலம் வந்தால் கூத்தனூருக்கும் திருவந்திபுரத்துக்கும் கூட்டம் தாங்குவதில்லை. சரஸ்வதியின் காலடியிலும் ஹயக்ரீவர் சன்னதியிலும் ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் வைத்து எடுத்துக்கொண்டு வருகிறார்கள். பிள்ளைகள் மட்டுமல்ல, பிள்ளைகளுக்கு ஹால் டிக்கெட் அச்சடித்துக் கொடுக்கிற நீங்களும் போகிறீர்கள் என்று கேள்விப்படுகின்றோம். நாம் கேட்கின்றோம்: ஒருவன் பணத்தை எடுத்துக்கொண்டு உங்கள் ஆபீசுக்கு வந்து, "என் மகன் மார்க்கைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்" என்றால் அதற்கு என்ன பெயர்? லஞ்சம். அதைச் செய்தால் உங்கள் உத்தியோகம் போகும். 2024-ல் மத்திய சர்க்கார் செய்த சட்டப்படி, அதற்குட்பட்ட பரீட்சையாக இருந்தால் ஜெயிலும் உண்டு, பத்து லட்ச ரூபாய் வரைக்கும் அபராதமும் உண்டு. அதே வேலைக்காகத் தேங்காயையும் பழத்தையும் எடுத்துக்கொண்டு இன்னொரு இடத்துக்குப் போனால் அதற்கு மட்டும் பக்தி என்று பெயரா? ஆயிரம் பேர் எழுதிப் பத்துப் பேரை எடுக்கிற பரீட்சையில் வேண்டிக்கொண்டவனைக் கடவுள் தூக்கிவிட்டால், வேண்டிக்கொள்ளாமல் படித்தவன் ஒருவனைக் கீழே தள்ளவேண்டாமா? அந்தக் கடவுளை எந்தச் சட்டத்தில் பிடிப்பது?

இராகுகாலமும் அப்படியே. வெள்ளிக்கிழமை இராகுகாலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைக்கும். பத்து மணிக்குத் தொடங்கிப் பகல் ஒரு மணிக்கு முடியும் பரீட்சை வெள்ளிக்கிழமை வந்தால், எழுதுகிற அத்தனை பேரும் நட்ட நடு இராகுகாலத்தில்தான் எழுதுகிறார்கள். அவர்களில் முதலாவதாக வந்தவனும் அதே இராகுகாலத்தில் எழுதியவன்தான். பூஜ்யம் வாங்கியவனும் அதே இராகுகாலத்தில் எழுதியவன்தான். கால அட்டவணை போடுகிற உங்களுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் உங்கள் பரீட்சை என்று வந்தால் காலண்டரைப் புரட்டுகிறீர்கள்.

வேடிக்கை இன்னொன்று. 2024 ஜூன் 18-ந்தேதி கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தேசியத் தகுதிப் பரீட்சை நடந்தது. 9 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதினார்கள். மறுநாளே, அந்தப் பரீட்சையின் யோக்கியதையில் சந்தேகம் என்று சர்க்காரே ரத்து செய்துவிட்டது. தேங்காய் உடைத்தவனுக்கும் ரத்து, உடைக்காதவனுக்கும் ரத்து. 9 லட்சம் பேருடைய வேண்டுதல்களில் ஒன்றுகூட மறுநாள் வருகிற சங்கதியை முன்னாலே தெரிந்துகொள்ளவில்லை. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மறுபடி எழுதினார்கள். மறுபடியும் தேங்காய் விற்றிருக்கும்.

பரீட்சையும் பயமும் தெய்வமும் ஒன்று சேர்ந்தால் எதுவரைக்கும் போகும் என்பதற்குச் சீன தேசத்துச் சரித்திரம் ஒன்று உண்டு. அங்கே சர்க்கார் உத்தியோகத்திற்கு ஆயிரம் வருஷங்களுக்கு மேலாகப் பரீட்சை நடந்தது, 1905-ல்தான் நிறுத்தினார்கள். ஹோங் சியூசுவான் என்ற ஒரு கிராமத்து ஆள் காண்டன் பட்டணத்துக்குப் போய் நாலு தடவை எழுதி நாலு தடவையும் தவறினான். 1837-ல் தவறியபோது படுத்த படுக்கையாகி, வானத்துக்குப் போனதாகவும் அங்கே ஒரு கிழவர் தன் கையில் வாள் கொடுத்ததாகவும் கனவு கண்டான். 1843-ல் கடைசித் தடவையும் தவறிய பிறகு, பாதிரிமார் கொடுத்த ஒரு புஸ்தகத்தைப் படித்து, அந்தக் கிழவர்தான் கடவுள், தான் ஏசுவின் தம்பி என்று கிளம்பிவிட்டான். அவன் கிளப்பிய தைப்பிங் கலகம் 1864 வரைக்கும் நடந்தது. அதில் இரண்டு கோடி ஜனங்கள் மாண்டார்கள் என்று சரித்திரக்காரர்கள் கணக்குச் சொல்லுகிறார்கள். கலகத்துக்குப் பஞ்சமும் வரியும் வேறு காரணங்களும் உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாலாவது தடவை தவறியவனைப் பார்த்து, "போனால் போகிறது, வேறு வேலை பார்" என்று சொல்ல ஓர் ஆள் இல்லாமற் போயிற்றே என்று நமக்குத் தோன்றுகின்றது.

இங்கே ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "அப்படியானால் பரீட்சையே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்கிறார். அப்படிச் சொல்ல வரவில்லை. பரீட்சைக்கு முன்னால் என்ன இருந்தது? சிபாரிசு இருந்தது. வெள்ளைக்காரன் ஆட்சியில் 1855 முதல் லண்டனில் பரீட்சை வைத்து இந்தியாவுக்கு உத்தியோகஸ்தர்களை எடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்னால் கம்பெனி டைரக்டர் கையெழுத்துப் போட்டால் உத்தியோகம். அதைவிடப் பரீட்சை எவ்வளவோ மேல். ஆனால் அந்தப் பரீட்சையை 1922 வரைக்கும் லண்டனில் மாத்திரமே நடத்தினார்கள். கப்பல் கூலி கொடுக்கக்கூடியவன்தான் திறமைசாலி! ஆகவே கதவு திறந்திருக்கின்றது என்று மாத்திரம் சொன்னால் போதாது. அந்தக் கதவு வரைக்கும் யாரால் நடந்து வர முடிகின்றது என்றும் கேட்கவேண்டும். பரீட்சை ஒரு படிக்கல். படிக்கல்லை அளவு எடுத்துச் செதுக்கலாம், உயரம் அதிகமானால் குறைக்கலாம். அதற்குக் குங்குமம் வைத்துக் கும்பிடவேண்டியதில்லை. அதைக் கண்டு ஓடவேண்டியதும் இல்லை.

இனி, உத்தியோகத் திருப்தி என்ற மற்றப் பாதிக்கு வருகின்றோம். அமெரிக்காவில் ஹெர்ஸ்பெர்க் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் பிட்ஸ்பர்க் பட்டணத்தில் இருநூறு பேருக்குச் சற்று மேற்பட்ட இன்ஜினீயர்களையும் கணக்கர்களையும் கேட்டு, 1959-ல் ஒரு புஸ்தகம் எழுதினார்கள். சம்பளம், மேலதிகாரியின் போக்கு, ஆபீஸ் விதிகள் முதலியவை கெட்டால் மனிதன் அதிருப்தி அடைகிறான். ஆனால் அவை சரியாக இருந்துவிட்டால் மட்டும் அவனுக்குத் திருப்தி வந்துவிடுவதில்லை. ஒரு காரியத்தைச் செய்து முடித்தோம் என்பது, அதை நாலு பேர் ஒப்புக்கொண்டார்கள் என்பது, பொறுப்பு, முன்னேற்றம் இவைதாம் திருப்தி தருகின்றன என்பது அவர்கள் முடிவு. இதை மறுத்தவர்களும் உண்டு. நல்லது நடந்தால் என்னால் என்றும், கெட்டது நடந்தால் ஆபீசால் என்றும் சொல்வது மனித சுபாவம்தானே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மேலும் பிட்ஸ்பர்க் இன்ஜினீயருக்குச் சம்பளம் இரண்டாம் பட்சமாக இருக்கலாம். உங்களில் தொகுப்பூதியத்திலும் தினக்கூலியிலும் பத்து வருஷம் இருக்கிற தோழர்களிடம் போய், "சம்பளம் முக்கியமல்ல, வேலையின் இன்பமே முக்கியம்" என்று சொன்னால் அடிக்க வருவார்கள், அடிக்கவும் வேண்டும்.

கௌரவ விரிவுரையாளர் என்று ஒரு வகுப்பார் இருக்கிறார்கள். கௌரவம் பெயரில் இருக்கின்றது. நிரந்தர ஆசிரியர் நடத்துகிற அதே பாடத்தை நடத்தி, அதே விடைத்தாளைத் திருத்தி, மே மாதம் சம்பளம் உண்டா இல்லையா என்று கேட்டு நிற்கிறவர்கள். தேசியத் தகுதிப் பரீட்சைக்கு ஆசிரியர் வேலையைப் பொறுத்தவரை வயது உச்சவரம்பு இல்லை. ஆகவே தலை நரைத்த ஆசிரியர், தான் பாடம் சொல்லிக்கொடுத்த பையனோடு ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து எழுதுகிறார். பையன் தேறி, வாத்தியார் தவறினால், மறுநாள் வகுப்பில் அவர் முகம் எப்படி இருக்கும்? அவருக்கு வேலையில் திருப்தி இருக்கின்றதா என்று ஒரு பாரத்தை நீட்டி, "மிகவும் உண்டு, ஓரளவு உண்டு" என்று டிக் போடச் சொல்வது பரிகாசமாகும்.

வேலையில் கீழே இருப்பது மனதை மட்டுமா வருத்துகிறது? உயிரையே வருத்துகின்றது. லண்டனில் 1967-ல் தொடங்கி, பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட சர்க்கார் உத்தியோகஸ்தர்களை வருஷக்கணக்காகக் கவனித்தார்கள். பெரிய அதிகாரிக்குத்தான் கவலை அதிகம், அவருக்குத்தான் மாரடைப்பு வரும் என்று அதுவரைக்கும் பொதுவாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நடந்தது தலைகீழ். மேல் பதவிக்காரர்களைவிடக் கடைசிப் படியில் இருந்த பியூன்களும் வாசல்காப்பவர்களும் மூன்று மடங்குக்கு மேல் மாரடைப்பால் இறந்தார்கள். சுருட்டு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் போகவில்லை. 1985-ல் மறுபடி பதினாயிரம் பேரைப் பார்த்தபோது, தன் வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்குக் குறைவோ அவருக்கே இருதய வியாதி அதிகம் என்று கண்டார்கள். அவர்கள் யாரும் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். எல்லோரும் பென்ஷன் உள்ளவர்கள். அப்படியும் படிக்குப் படி சாவு ஏறியது. நம்முடைய நாட்டில் இந்த ஆபீஸ் படிக்கட்டுக்கு அடியில் இன்னொரு படிக்கட்டும், பிறப்பாலே கட்டியது, இருக்கின்றதே!

ஆகவேதான் நம் நண்பரை நாம் விடவில்லை. அவருடைய திருப்தி மெய்யான திருப்தியாக இருந்தால் நமக்கு அதில் ஆட்சேபணை கிடையாது. பதவி உயர்வு வேண்டாம், கேம்ப் காலத்தில் ஒரு விடைத்தாள்கூடத் தவறாமல் கட்டி அனுப்புவதே என் சந்தோஷம் என்று ஒருவர் சொன்னால் அவரைக் கும்பிடலாம். ஆனால் இவர் சொன்னபோது கண் கீழே பார்த்தது.

சரி, பயத்துக்கு மருந்து என்ன? 2011-ல் ராமிரேஸ், பெய்லாக் என்ற இருவர், பரீட்சைக்குச் சற்று முன்னால் பத்து நிமிஷம் தன் பயத்தையெல்லாம் காகிதத்தில் எழுதிவிட்டால் மார்க் கூடுகின்றது என்று பெரிய விஞ்ஞானப் பத்திரிகையிலேயே எழுதினார்கள். நாமும் அதைப் பல கூட்டங்களில் சொல்லி வந்தோம். பிறகு 2018-ல் வேறு பலர் சேர்ந்து, இப்படிப்பட்ட 21 சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். 13-ல் பழைய முடிவே கிடைத்தது, மற்றவற்றில் கிடைக்கவில்லை. இந்தப் பத்து நிமிஷ எழுத்து கிடைக்காத பக்கத்தில் போய்விட்டது. ஆகவே நாம் அதைச் சொல்வதை நிறுத்திக்கொண்டோம். இதில் நமக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. கூத்தனூரில் வைத்த பேனாவையும் வைக்காத பேனாவையும் ஆயிரம் பிள்ளைகளிடம் கொடுத்து மார்க்கை ஒப்பிட்டுப் பார்க்க எந்தப் புரோகிதராவது சம்மதிப்பாரா என்று மாத்திரம் கேட்டுப் பாருங்கள்.

நின்றுபோகாத சங்கதி ஒன்று உண்டு. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்பவர்கள் காட்டியது. ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் நன்றாகச் சொன்னார்கள். ஒரு தடவை படித்துவிட்டு, புஸ்தகத்தை மூடி, தன்னைத்தானே பரீட்சை செய்துகொண்டவர்கள் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களை மிஞ்சினார்கள். பிறகு பலர் பலவிதமாகப் பார்த்தும் இது நிற்கின்றது. இது ஞாபகத்துக்கு மட்டும் அல்ல. பரீட்சையைத் தினம் தினம் பார்த்தவனுக்கு அதனிடம் பயம் குறையும். தண்ணீரில் இறங்காமல் கரையிலேயே ஐந்து வருஷம் நீச்சல் புஸ்தகம் படித்தவன் கதைதான் நம் நண்பருடைய கதை. அவர் எப்படிப் படித்தார் என்று விசாரித்தோம். பணம் கட்டின ஒவ்வொரு தடவையும், இரவு எல்லோரும் தூங்கிய பிறகு, யாருக்கும் தெரியாமல் விதிப் புஸ்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவாராம். ஐந்து தடவையிலும் நாற்பதாவது பக்கத்தைத் தாண்டவில்லை. பழைய கேள்வித்தாள் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. கேள்வித்தாளைச் சுமந்தே 22 வருஷம் கழித்த மனிதர்!

நாம் அவரைத் தனியே படிக்க விடவில்லை. அவர் செக்ஷனிலேயே அதே பயத்தோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அம்மையார், கணவரை இழந்து கருணை நியமனத்தில் வந்தவர். ஒருவருக்கு மற்றவர் பயம் தெரியாது. ஒவ்வொருவரும் தாம் ஒருவரே கோழை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மூவரையும் ஆபீஸ் முடிந்ததும் மரத்தடியில் அரைமணி நேரம் உட்காரவைத்து, மேசைமேல் கடிகாரம் வைத்து, பழைய கேள்வி இரண்டை எழுதவைத்தோம். முதல் வாரம் நம் நண்பருக்குக் கை நடுங்கி எழுத்து கோணிற்று. அம்மையார் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார், அவரும் சிரித்தார். மூன்றாவது மாதம், புஸ்தகத்தில் எந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கின்றது என்று கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார்.

போன தடவை மூவரும் போய் எழுதினார்கள். அம்மையார் இரண்டிலும் தேறிவிட்டார். மற்றவர் ஒன்றிலும் தேறவில்லை. நம் நண்பர் ஆபீஸ் நடைமுறையில் தேறினார். கணக்கில் நாலு மார்க்கில் போயிற்று. ஆனால் மணி அடிக்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். "தவறிவிட்டேன்" என்பதை வீட்டில் அவரே சொன்னாராம். இந்தத் தடவை லீவு கொடுக்கவில்லை என்று சொல்லவில்லை. அடுத்ததற்குப் பணம் கட்டிவிட்டார்.

அவர் வைத்திருந்த பழைய கேள்வித்தாள்களின் நகலை இன்று கொண்டுவந்திருக்கின்றோம், மேசைமேல் இருக்கின்றன. வருகிற திங்கட்கிழமை ஆபீஸ் விட்டதும் இதே கொட்டகையில் எழுதலாம் என்று தலைவர் ஏற்பாடு செய்திருக்கிறார். அட்டெண்டர் தோழர்களும், துப்புரவுப் பகுதித் தோழர்களும், பெண்மணிகளும் தாராளமாக வரவேண்டும். கடிகாரம் ஒன்று வேண்டும், யாராவது கொண்டுவாருங்கள்.